டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எந்த ஆயில்? புதிதாக மெஷின் வாங்கியவர்களுக்கு

கடைக்குப் போய், டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்காக "அண்ணே, ஒரு 2டி ஆயில் குடுங்க" என்றால், "எந்த மெஷினுக்கு?" என்று திருப்பிக் கேட்கிற கடைக்காரர் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் கைக்கு எட்டிய பாட்டில் நம் கைக்கு வந்துவிடும். புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் செயின் சா, பழைய ஆர்எக்ஸ் 100, படகு இன்ஜின் எல்லாமே டூ ஸ்ட்ரோக்தானே, எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தானே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. ஆயிலைத் தேர்ந்தெடுக்க பிராண்டையோ விலையையோ நிறத்தையோ முதலில் பார்க்க வேண்டாம். இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும்: இன்ஜினை எது குளிர்விக்கிறது, ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது. இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் பாட்டில் தானாகத் தெரிந்துவிடும்.

காரிலும் புது பைக்கிலும் இருக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் அடியில் ஆயில் தேங்கி நிற்கும். அதே ஆயில் திரும்பத் திரும்பச் சுற்றிவரும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படித் தேக்கம் கிடையாது. பெட்ரோலும் காற்றும் கார்புரேட்டரிலிருந்து நேராக, பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸ் என்ற அறைக்குள் போய், அங்கிருந்துதான் பிஸ்டனுக்கு மேலே ஏறுகின்றன. அந்தக் கலவையோடு சேர்ந்து வரும் ஆயில் துளிகள்தான் கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடின் இரு முனைகளிலும் இருக்கும் பேரிங், பிஸ்டன், ரிங் எல்லாவற்றையும் நனைக்கின்றன. நனைத்துவிட்டு அந்த ஆயிலும் எரிந்து புகையாக வெளியே போகிறது. ஆகவே இந்த ஆயில் இரண்டு வேலை செய்ய வேண்டும்: இருக்கும்வரை தேய்மானத்தைத் தடுக்க வேண்டும், போகும்போது கரியும் சாம்பலும் வைக்காமல் போக வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயிலை இதில் ஊற்றக் கூடாது என்பதற்குக் காரணம் இந்த இரண்டாவது வேலைதான். அந்த ஆயிலில் சேர்த்திருக்கும் பொருள்கள் எரிவதற்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. எரிந்தால் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் எக்ஸாஸ்ட் துளையிலும் படிந்துவிடும்.

முதலில் இது டூ ஸ்ட்ரோக்தானா என்று பாருங்கள்

இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய. தோளில் மாட்டும் புல் வெட்டும் மெஷின் எல்லாம் டூ ஸ்ட்ரோக் அல்ல. ஹோண்டாவின் ஜிஎக்ஸ் 25, ஜிஎக்ஸ் 35 இன்ஜின் பொருத்திய மெஷின்கள் ஃபோர் ஸ்ட்ரோக். அவற்றின் பெட்ரோல் டாங்கில் வெறும் பெட்ரோல்தான்; ஆயிலுக்குத் தனி மூடி உண்டு, அதில் ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். இதற்கு நேர் எதிராக ஸ்டில் கம்பெனியின் 4-மிக்ஸ் இன்ஜின் இருக்கிறது. அதில் வால்வு உண்டு, அமைப்பும் ஃபோர் ஸ்ட்ரோக்தான், ஆனால் ஆயில் தேங்கும் இடம் கிடையாது. அதனால் அதற்கு ஆயில் கலந்த பெட்ரோல்தான் போட வேண்டும்.

கண்டுபிடிக்க எளிய வழி பெட்ரோல் மூடியைப் பார்ப்பது. மூடியிலோ அதன் பக்கத்திலோ பெட்ரோல் பங்க் படத்தோடு ஒரு ஆயில் துளியும் போட்டிருந்தால், அல்லது 50:1, 25:1 என்று கலக்கும் விகிதம் எழுதியிருந்தால் அது ஆயில் கலந்து ஓட்ட வேண்டிய இன்ஜின். இன்ஜின் அடியில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியோடு தனி மூடி இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக்.

செயின் சா வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் இரண்டு டாங்க் இருக்கும். ஒன்று கலந்த பெட்ரோலுக்கு, மற்றது செயினுக்கு ஊற்றும் ஆயிலுக்கு. 2டி ஆயிலைச் செயின் டாங்கில் ஊற்றுவது வீண் செலவு. செயின் ஆயிலைப் பெட்ரோலில் கலந்தால் இன்ஜினே போய்விடும்.

பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கம் எழுதியிருக்கும் "சூப்பர்", "ரேசிங்", "பவர்" எல்லாம் விளம்பரம். பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் தரக் குறியீடுதான் விஷயம். நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியவை மூன்றே.

ஜாசோ (JASO) என்பது ஜப்பானிய மோட்டார் வாகனத் தரம். காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு அதில் எஃப்பி, எஃப்சி, எஃப்டி (FB, FC, FD) என்று படிகள் உண்டு. எஃப்பி அடிப்படை. எஃப்சி புகை குறைவாக வரும். எஃப்டி அதே அளவு குறைந்த புகையோடு, அதிக வெப்பத்திலும் பிஸ்டனையும் ரிங்கையும் சுத்தமாக வைத்திருக்கும். இதே படிகளை ஐஎஸ்ஓ தரத்தில் இஜிபி, இஜிசி, இஜிடி (EGB, EGC, EGD) என்று எழுதியிருப்பார்கள். ஏபிஐ டிசி (API TC) என்பது அமெரிக்க வழித் தரம். இதுவும் காற்றால் குளிரும் பைக், செயின் சா போன்றவற்றுக்கானது. மூன்றாவது டிசி-டபிள்யூ3 (TC-W3). இது தண்ணீரால் குளிரும் படகு இன்ஜின்களுக்கு. பெயரில் டிசி இரண்டிலும் வருவதால் பலர் குழம்புகிறார்கள். நடுவில் டபிள்யூ இருந்தால் அது தண்ணீருக்கு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிரிவு ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பணம் நஷ்டமாகிறது. செயின் சா இன்ஜின் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 13,000 சுற்றுக்கு மேலும் போகும். அதைக் குளிர்விக்க ஒரு சின்ன விசிறியின் காற்று மட்டும்தான். அந்தச் சூட்டில் ரிங் பள்ளத்தில் ஆயில் பிசின் போலக் காய்ந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கால்சியம் போன்ற உலோகம் கொண்ட சுத்திகரிப்புப் பொருளைச் சேர்க்கிறார்கள். எரியும்போது இது மிகச் சிறிதளவு சாம்பல் தரும். அந்த இன்ஜினுக்கு அது பாதகமில்லை. படகு இன்ஜின் கதை வேறு. கடல் தண்ணீரே ஓடி ஓடி அதைக் குளிர்விக்கிறது. சிலிண்டர் அவ்வளவு சூடேறாது, ஆனால் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் முழுச் சுமையோடு ஓடும். அங்கே அந்தச் சாம்பல் பிளக்கிலும் எரியறையிலும் படிந்து கோளாறு செய்யும். அதனால்தான் டிசி-டபிள்யூ3 ஆயிலில் சாம்பல் தரும் உலோகப் பொருள் சேர்ப்பதில்லை. இந்தச் சாம்பலில்லாத ஆயிலைக் கொண்டுபோய்ச் செயின் சாவில் ஊற்றினால் அந்தச் சூட்டுக்கு அது தாங்காது. ரிங் ஒட்டிக்கொண்டு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், குறையும். படகு இன்ஜின் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள் என்று ஹஸ்க்வர்னா செயின் சா கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. விலை அதிகம் என்பதால் படகு ஆயில் உயர்ந்தது என்று நினைத்து வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் சாயம். நிறத்துக்கும் தரத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் சாயம் ஒரு நல்ல காரியம் செய்கிறது: கேனில் இருப்பது வெறும் பெட்ரோலா, ஆயில் கலந்ததா என்று பார்த்தவுடன் தெரிகிறது.

லூஸில் அளந்து விற்கும் ஆயில் வேண்டவே வேண்டாம். இந்தியாவில் 1999 ஏப்ரல் முதல் குறைந்த புகை 2டி ஆயில்தான் விற்க வேண்டும் என்று அரசு விதித்ததே ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் கண்ட ஆயிலையும் எரித்து ஊரையே புகையாக்கியதால்தான். சீல் உடையாத பாட்டிலோ பாக்கெட்டோ வாங்குங்கள்.

எந்த மெஷினுக்கு எது

புல் வெட்டும் மெஷின், செயின் சா, தோளில் மாட்டும் பவர் ஸ்பிரேயர், தேயிலை பறிக்கும் மெஷின், குழி தோண்டும் மெஷின்: இவற்றுக்கெல்லாம் ஜாசோ எஃப்டி. தயங்காமல் எஃப்டியே வாங்குங்கள். எஃப்சிக்கும் எஃப்டிக்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு சிலிண்டர் செட்டின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு டெல்டாவில் விழுந்து கிடந்த தென்னைகளை அறுக்க எத்தனை செயின் சா ஓடியது என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். காலையிலிருந்து மாலைவரை ஒரே மூச்சில் வேலை. அப்படிப்பட்ட வேலையில்தான் ஆயிலின் தரம் தெரியும். வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் வரப்பில் புல் வெட்டுகிறவருக்கு எஃப்சியும் ஓடும்.

அளவு என்ன? ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற கம்பெனிகள் தங்கள் ஆயிலுக்கு 50:1 என்கின்றன. அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. ஆன்லைனில் வாங்கும் 43 சிசி, 52 சிசி மெஷின்கள் பலவற்றின் கையேட்டில் 25:1 என்று இருக்கும், அதாவது லிட்டருக்கு 40 மில்லி. எந்தத் தரத்து ஆயில் கையில் கிடைத்தாலும் இன்ஜின் தப்பிக்க வேண்டும் என்பதற்காக அப்படி எழுதுகிறார்கள். உங்கள் கையேடு 25:1 என்றால் 25:1 போடுங்கள். நல்ல ஆயில் வாங்கிவிட்டோம் என்று நீங்களாக 50:1க்குத் தாவ வேண்டாம், குறிப்பாக வாரண்டி இருக்கும்போது. நடுவில் 40:1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி. இந்த மூன்று எண்களையும் கேனின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

பைக்குகளில் இரண்டு வகை. யமஹா ஆர்எக்ஸ் 100 போன்றவற்றில் ஆயிலுக்குத் தனி டாங்க் உண்டு. ஆட்டோலூப் என்ற சின்னப் பம்ப், ஆக்ஸிலரேட்டர் திருகும் அளவுக்கும் இன்ஜின் வேகத்துக்கும் ஏற்ப ஆயிலை அனுப்பும். இதற்கு எஃப்சி அல்லது எஃப்டி, "இன்ஜெக்ஷனுக்கு ஏற்றது" என்று பாட்டிலில் எழுதியது வேண்டும். கனமான ரேசிங் ஆயிலை ஊற்றினால் மெல்லிய குழாயில் அது சரியாக ஓடாது. ஆயில் டாங்கை ஒரு முறை காலியாக விட்டுவிட்டால் குழாயில் காற்று புகுந்துவிடும். ஆயில் நிரப்பியதோடு விடாமல், பம்பில் இருக்கும் பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து காற்றுக் குமிழி நின்று ஆயில் மட்டும் வரும்வரை வெளியேற்ற வேண்டும். பழைய பைக்கை எடுத்துப் புதுப்பிக்கிறவர்கள் பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டலாமா என்று கேட்பதுண்டு. பம்ப் வேலை செய்தால் அப்படியே விடுங்கள். நீங்கள் அளந்து ஊற்றுவதைவிட அது சரியாக அளக்கும்.

டிவிஎஸ் எக்ஸ்எல்லின் டூ ஸ்ட்ரோக் மாடல்கள், லூனா, பழைய பஜாஜ் சேத்தக், யெஸ்டி எல்லாம் பெட்ரோலிலேயே ஆயில் கலப்பவை. சேத்தக்குக்கு 2 சதவீதம், அதாவது லிட்டருக்கு 20 மில்லி. மிகப் பழைய வண்டிகளின் கையேட்டில் 4, 5 சதவீதம்கூட இருக்கும். அது அந்தக் காலத்துச் சாதா ஆயிலுக்குச் சொன்ன அளவு. இன்றைய எஃப்சி, எஃப்டி ஆயிலோடு அவ்வளவு ஊற்றினால் சைலன்சர் அடைத்துக்கொள்ளும். அந்த வண்டிகளைப் பழுது பார்த்த அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கலந்து ஓட்டும் வண்டிக்கு மலைப்பாதையில் ஒரு ஆபத்து உண்டு. ஏற்காட்டிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடிவிட்டு கியரிலேயே நெடுநேரம் இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் உள்ளே பெட்ரோல் மிகக் குறைவாகத்தான் போகும். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். அவ்வப்போது ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருகிவிட்டு இறங்குங்கள்.

படகின் அவுட்போர்டு இன்ஜினுக்கு டிசி-டபிள்யூ3, கண்ணை மூடிக்கொண்டு. புது இன்ஜினுக்கு முதல் சில மணி நேரத்துக்கு மட்டும் ஆயிலைக் கூட்டிக் கலக்கச் சொல்வார்கள். அதன்பிறகு வழக்கமான அளவு. இரண்டும் கையேட்டில் இருக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின் என்றால் அதற்கென்று தனி அளவு போட்டிருப்பார்கள், பெட்ரோல் இன்ஜின் அளவை அதற்குப் போடாதீர்கள். அப்புறம், கீழே புரொப்பெல்லருக்கு முன்னால் இருக்கும் கியர் பெட்டிக்குத் தனி கியர் ஆயில். 2டி ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விமான மாடல் பறக்கவிடும் பிள்ளைகளின் குட்டி குளோ இன்ஜின் தனி உலகம். அதற்கு எரிபொருள் மெத்தனால். சாதாரண 2டி ஆயில் மெத்தனாலில் கரையவே கரையாது. அதனால் விளக்கெண்ணெயோ அதற்கென்றே செய்த சிந்தெடிக் ஆயிலோ கலந்து, தயாராக விற்பதை வாங்க வேண்டும். விளக்கெண்ணெய் அதிகச் சூட்டிலும் உலோகத்தை விட்டு எளிதில் விலகாது. காஸ்ட்ரால் என்ற பெயரே விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் அது பிசுபிசுவென்று படியும் என்பதால் உங்கள் புல் வெட்டும் மெஷினில் அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

கலக்கும் முறை

பெட்ரோல் வாங்கும்போது ரூபாய்க் கணக்கில் கேட்காமல் லிட்டர் கணக்கில் கேளுங்கள். "நூறு ரூபாய்க்கு" என்றால் எத்தனை மில்லி வந்தது என்று தெரியாது, ஆயில் கணக்கும் தப்பிவிடும். ஆயில் அளக்க மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச் போதும். 20 மில்லி சிரிஞ்சில் ஒரு முறை இழுத்தால் 50:1க்கு ஒரு லிட்டர் கணக்கு முடிந்தது. பாட்டில் மூடியில் "சுமாராக ஒரு மூடி" என்று ஊற்றுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

மெஷின் டாங்குக்குள் நேராகக் கலக்காமல் தனிக் கேனில் கலக்குங்கள். சுத்தமான, காய்ந்த கேனில் வேண்டிய பெட்ரோலில் பாதியை ஊற்றுங்கள். அளந்த ஆயிலை ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். பிறகு மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடியும் குலுக்குங்கள். ஆயில் பெட்ரோலைவிடக் கனம். குலுக்காமல் விட்டால் அடியில் போய் உட்காரும். மொபெட்டில் இதனால் வரும் தொல்லை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: டாங்கில் ஆயிலை ஊற்றியதும் அது நேராக அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்புக்குள் இறங்கி, கார்புரேட்டர் முழுக்க ஆயிலாகி, வண்டி ஸ்டார்ட் ஆகாது. பங்க்கில் கலக்க வேண்டிய நிலை என்றால் முதலில் டேப்பை மூடுங்கள், ஆயிலை ஊற்றுங்கள், பிறகு பெட்ரோல் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் விழும் வேகத்திலேயே ஓரளவு கலந்துவிடும். வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு டேப்பைத் திறங்கள்.

"கொஞ்சம் கூடுதலா ஆயில் போட்டா இன்ஜினுக்கு நல்லதுதானே?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. கொஞ்சம் கூடினால் ஒன்றும் ஆகாது. இரண்டு மடங்கு ஊற்றினால் பிளக் நனையும், சைலன்சரில் இருக்கும் சின்ன வலை கரியால் அடைபடும், இழுவை குறையும். ஆயில் கூடும் அளவுக்குக் கலவையில் பெட்ரோல் குறைகிறது என்பதையும் யாரும் நினைப்பதில்லை. ஆனால் குறைத்துப் போடுவது இதையெல்லாம்விட மோசம், ஏனென்றால் அது இன்ஜினைச் சீஸ் ஆக்கும், அதாவது பிஸ்டன் சிலிண்டரிலேயே இறுகி நின்றுவிடும்.

இன்றைய பெட்ரோலும் மிச்சக் கலவையும்

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பல சிறிய மெஷின்களின் கையேடுகள் 10 சதவீதம் வரைதான் சம்மதம் என்கின்றன. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து கேனின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். அதில் ஆயில் இருக்காது. அந்த அடித்தண்ணீர் இன்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஒரு மாதத்துக்குள் தீர்க்கும் அளவுக்கு மட்டும் கலந்து வையுங்கள், மழைக்காலத்தில் அதைவிடக் குறைவாக. கேனை நிரம்ப வைத்து, மூடியை இறுக்கி, நிழலில் வையுங்கள். கலந்த தேதியைக் கேனில் எழுதுங்கள். சீசன் முடிந்து மெஷினை மூட்டைகட்டும்போது டாங்கைக் காலி செய்து, ஸ்டார்ட் செய்து தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு விறைத்துவிடும்.

எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்கு டியூன் செய்த கார்புரேட்டரில் கலவை சற்று வறட்சியாகி, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல், இன்ஜின் கூடுதலாகச் சூடேறும். ஆயிலைக் கூட்டினால் இது சரியாகாது, கார்புரேட்டரைத்தான் டியூன் செய்ய வேண்டும்.

சரியாகப் போகிறதா என்று பார்ப்பது எப்படி

நன்றாக வேலை செய்துவிட்டு, ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். நடு முனையைச் சுற்றிய பீங்கான் காப்பித்தூள் நிறத்தில் காய்ந்து இருந்தால் எல்லாம் சரி. கறுப்பாக, ஈரமாக, விரலில் ஒட்டினால் ஆயில் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெள்ளை வெளேரென்று இருந்தால் மெஷினை ஓட்டாதீர்கள். கலவை வறட்சி, எங்கோ காற்று கசியலாம்.

பழைய மெஷின் வாங்குகிறவர்கள் இன்னும் ஒரு படி உள்ளே பார்க்கலாம். சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று ஸ்க்ரூவைக் கழற்றி அதை எடுத்துவிட்டால், எக்ஸாஸ்ட் துளை வழியாகப் பிஸ்டனின் பக்கம் தெரியும். டார்ச் அடித்து, கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்துங்கள். வழவழப்பாக மின்னினால் நல்ல இன்ஜின். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் அது ஆயில் இல்லாமலோ அதிகச் சூட்டிலோ ஓடியது. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

வீட்டில் இரண்டு கேன் இருந்து, எதில் கலந்தது என்ற சந்தேகம் வந்துவிட்டால் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு நிழலில் வையுங்கள். வெறும் பெட்ரோல் ஆவியாகி அடையாளமே இல்லாமல் போகும். ஆயில் கலந்தது என்றால் எண்ணெய்க் கறை நிற்கும். தவறிப்போய் வெறும் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்துவிட்டீர்கள், சத்தம் மாறி இழுவை விழுகிறது என்றால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள். டாங்கைக் காலி செய்யுங்கள். முழுக்க ஆறட்டும். பிளக்கைக் கழற்றி அந்தத் துளைக்குள் ஒரு ஸ்பூன் அளவுக்கும் குறைவாக 2டி ஆயில் விட்டு, பிளக் இல்லாமலே கயிற்றை மெதுவாகச் சில முறை இழுங்கள். தடையில்லாமல் சுற்றி, சைலன்சர் துளை வழியாகப் பார்க்கும்போது கீறலும் இல்லையென்றால், சரியாகக் கலந்த பெட்ரோலை ஊற்றி, சுமை கொடுக்காமல் சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். இழுக்கும்போது கரகரவென்று பிடித்தால் மேற்கொண்டு இழுக்காமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.